கடை ருசி வீட்டில் வருமா? நகல் சமையலின் அடிப்படைகள்

கடையில் சாப்பிட்டுப் பிடித்துப்போன ஒன்றை வீட்டில் செய்து பார்க்கிறோம். எல்லாப் பொருளையும் போட்டாயிற்று, ஆனாலும் அந்த ருசி வரவில்லை. உடனே, யாரும் வெளியே சொல்லாத ஏதோ ஒரு பவுடர் விடுபட்டிருக்கிறது என்று தேடத் தொடங்குகிறோம். அப்படி ஒன்று இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பொருள் சரியாகத்தான் இருக்கும், தவறியிருப்பது அளவு. உப்பு எத்தனை சதவீதம், கொழுப்பு எவ்வளவு, வாணலி எவ்வளவு சூடு, பண்டத்தில் எவ்வளவு ஈரம் என்ற நான்கையும் வீட்டிலேயே அளக்க முடியும். அளந்து, திருத்தி, மறுபடி அளப்பதைத்தான் இங்கே நகல் சமையல் என்கிறோம்.

இதற்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. இன்னொன்று, 250 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் சமையல் வெப்பமானி. கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். அதே கரண்டியில் கல்லுப்பு எடுத்தால் பரலின் அளவைப் பொறுத்து எடை மாறும். மைதாவை அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம், தளர அள்ளினால் 120 கிராம். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எந்த ருசியையும் இரண்டாம் முறை பிடிக்க முடியாது.

மாதிரி மேசைமேல் இருக்க வேண்டும்

நினைவில் இருக்கும் ருசியை நகலெடுக்க முயல்வதுதான் முதல் தவறு. பசி, அந்த இடத்தின் வாசனை, கூட இருந்தவர்கள் எல்லாமே நினைவில் கலந்திருக்கும். பண்டத்தை வாங்கி வந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பங்கு வாங்குவது நல்லது: ஒன்று பிரிக்க, இன்னொன்று ஒப்பிட.

குழம்பு, சூப், சாஸ் போன்ற நீர்த்த பண்டமாக இருந்தால், நேரான பக்கம் உள்ள கண்ணாடி டம்ளரில் வடிகட்டி ஊற்றி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். காலையில் கொழுப்பு மேலே தனி அடுக்காகத் தெரியும். மொத்த உயரம் 10 செ.மீ., கொழுப்பு அடுக்கு 1.5 செ.மீ. என்றால் கனஅளவில் 15 சதவீதம் கொழுப்பு. வெண்ணெயோ நெய்யோ இருந்தால் அடுக்கு கெட்டியாகும். பெரும்பாலான தாவர எண்ணெய்கள் திரவமாகவே நிற்கும். ஆனால் கிரீம், மயோனைஸ் போலக் கொழுப்பு நீரோடு நன்றாகக் குழைந்துபோன பண்டங்களில் அடுக்கு பிரியாது. அங்கே இந்தச் சோதனை உதவாது.

கீழே இருக்கும் பகுதியும் பேசும். தொட்டால் ஜெல்லிபோல் ஆடி, வாயில் உடனே உருகினால் எலும்பு வேகவைத்த சாறு. மங்கலாக, கூழ்போல் இறுகி, ஓரத்தில் நீர் கசிந்தால் மாவு சேர்த்திருக்கிறார்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஒரு ஸ்பூன் சாற்றைத் தனியாக எடுத்து ஆறவைத்து, காயத்துக்குப் போடும் அயோடின் கரைசலை நீரில் கலந்து ஒரு சொட்டு விடவும். கருநீலமானால் ஸ்டார்ச் உண்டு. அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், சாப்பிடக்கூடாது.

கெட்டியான துண்டுகளைச் சல்லடையில் வைத்து வெந்நீரில் அலசினால் மேல்பூச்சு போய் உள்ளே இருப்பது தெரியும். வெங்காயம் அரைத்ததா நறுக்கியதா, மிளகு பொடியா உடைத்ததா, இறைச்சி நாருக்குக் குறுக்கே வெட்டியதா என்பதெல்லாம் அப்போது புலப்படும். ருசி பார்த்து ஊகிப்பதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

லேபிள்: பாதிச் செய்முறை அதிலேயே இருக்கிறது

பாக்கெட்டிலும் பாட்டிலிலும் வரும் பண்டங்களை நகலெடுப்பது எளிது. சேர்மானப் பட்டியல் எடை வாரியாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு இறங்கும். பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தப்பட்ட பொருளின் சதவீதத்தைப் பல இடங்களில் தனியாகவே போட்டிருப்பார்கள். அடுத்து ஊட்டச்சத்து அட்டவணை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் செய்முறை வெளிவரும்.

திறவுகோல் சோடியம். சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பட்டியலில் உப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உப்பைவிடக் குறைவு, முன்னால் வருவதெல்லாம் கூடுதல். உப்பு 2 சதவீதம் என்று கணக்கில் வந்து, அதற்குப் பின் பூண்டுத்தூள் நின்றால், பூண்டுத்தூள் 2 சதவீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. ஊகத்துக்கு ஒரு வேலி கிடைத்துவிடுகிறது. (2 சதவீதத்துக்கும் கீழான பொருள்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று சில நாடுகளில் விதி இருப்பதால், பட்டியலின் வால்பகுதியை மட்டும் வரிசை பார்த்து நம்ப வேண்டாம்.)

தக்காளி கெச்சப் லேபிள் ஒன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: நீர், தக்காளி பேஸ்ட் (28 சதவீதம்), சர்க்கரை, உப்பு, அசிட்டிக் அமிலம், கெட்டிப்படுத்தி, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், மசாலா. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 24 கிராம், சோடியம் 850 மில்லிகிராம்.

சோடியம் 0.85 கிராமை 2.5ஆல் பெருக்கினால் உப்பு ஏறக்குறைய 2.1 கிராம். தக்காளி பேஸ்டில் இயல்பாகவே சர்க்கரை உண்டு; 28 கிராம் பேஸ்டிலிருந்து சுமார் 4 கிராம் வரும். எனவே தனியாகச் சேர்த்த சர்க்கரை 20 கிராம். மீதி 50 கிராம் நீரும் புளிப்பும். அமிலத்தின் அளவை லேபிள் சொல்லாது. அதை நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். 5 சதவீத வினிகர் 18 மில்லியில் தொடங்கினால் பண்டத்தில் அமிலம் 0.9 சதவீதம் வரும். அது நல்ல தொடக்கம்.

500 கிராமுக்கு இதைப் பெருக்கினால்: தக்காளி பேஸ்ட் 140 கிராம், சர்க்கரை 100 கிராம், உப்பு 10 கிராம், வினிகர் 90 மில்லி, நீர் 155 மில்லி, வெங்காயத்தூள் 2 கிராம், பூண்டுத்தூள் 1 கிராம், கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலக்கி, மூடிபோட்டுச் சிறுதீயில் 10 நிமிடம். பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தால், இறக்கியபின் நிறுத்துப் பார்த்து, ஆவியான அளவுக்கு நீர் ஊற்றி மறுபடி 500 கிராமாக்கலாம். பலர் விட்டுவிடும் படி இது. 60 கிராம் நீர் ஆவியாகிப்போனால் 2 சதவீதமாக இருந்த உப்பு 2.3 ஆகிவிடும். பிறகு செய்முறையே தவறு என்று தோன்றும்.

மூக்கில் ஏறும் காரமான புளிப்பு இருந்தால் வினிகர் போதிய அளவு வேகவில்லை. புளிப்பே மந்தமாக இருந்தால் திறந்து வைத்துக் கொதித்ததில் அமிலம் ஆவியோடு போய்விட்டது; கடைசியில் 5 மில்லி சேர்த்துப் பார்க்கலாம். ஊற்றும்போது நீர் தனியாகப் பிரிந்தால் 5 கிராம் சோள மாவை நீரில் கரைத்து ஊற்றி, இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிடவும். வீட்டில் செய்ததைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கடைப் பாட்டில் சூடாக நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி வருவது. நம்முடையது அப்படியில்லை.

சேர்மானப் பட்டியலில் சில பொருள்களின் பெயருக்குப் பதிலாக வரும் எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 330 சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சையின் புளிப்பு. 260 வினிகரின் புளிப்பு. 500 சமையல் சோடா வகை. 415 சாந்தன் கம், சாஸைக் கெட்டிப்படுத்தும் பொருள். வீட்டில் வேண்டுமானால் 0.2 சதவீதமே போதும், கூடினால் சாஸ் கொழகொழவென்று நூல்போல் இழுக்கும். உதட்டில் ஒட்டும் உப்பு-வினிகர் சிப்ஸில் திரவ வினிகரை ஊற்ற முடியாது, சிப்ஸ் நமத்துப்போகும். அதற்குத்தான் 262 என்ற தூள் வடிவ அசிட்டேட் வருகிறது.

621, 627, 631 மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பண்டத்தின் நாவில் நிற்கும் சுவை அங்கேதான் இருக்கிறது. 621 என்பது எம்எஸ்ஜி, அதாவது மோனோசோடியம் குளூட்டமேட். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா 1908இல் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 627, 631 இரண்டும் அந்தச் சுவையைப் பல மடங்கு தூக்கிவிடுபவை, எனவே மிகச் சிறிய அளவிலேயே சேர்ப்பார்கள். எம்எஸ்ஜி வேண்டாம் என்பவர்கள் தக்காளி பேஸ்டையும் உலர்ந்த காளான் பொடியையும் சேர்த்துப் போடலாம். முன்னதில் குளூட்டமேட், பின்னதில் 627 வகையைச் சேர்ந்த பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் வேலை நடக்கும், ஒன்றை மட்டும் கூட்டிப் பயனில்லை.

உப்பைச் சதவீதமாக நினைப்பது

உணவகப் பண்டத்துக்கு லேபிள் கிடையாது. அங்கே நாக்கைப் பழக்க வேண்டும். 200 மில்லி வெதுவெதுப்பான நீர் மூன்று டம்ளரில் எடுத்து, முறையே 1, 2, 3 கிராம் உப்பைக் கரைக்கவும். 0.5, 1, 1.5 சதவீதம். வரிசையாகச் சுவைத்துப் பழகினால், ஒரு சூப்பைச் சுவைத்தவுடன் அது எந்த டம்ளருக்கு அருகில் என்று சொல்ல வந்துவிடும். பெரும்பாலான சூப்புகளும் சாஸ் கலந்த பண்டங்களும் 0.8க்கும் 1.2க்கும் இடையில் அமையும். ரொட்டியில் மாவின் எடைக்கு 2 சதவீதம். வீட்டில் செய்தது சப்பென்று இருக்கும் பெரும்பாலான சமயங்களில் உப்பு 0.6 சதவீதத்தில் நிற்கிறது என்பதே காரணம். எனவே புது மசாலா எதையும் சேர்க்குமுன், மொத்த எடையை நிறுத்து உப்பை 0.9க்குக் கொண்டுவந்து மறுபடி சுவைத்துப் பாருங்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டியவர்கள் புளிப்பையும் உமாமியையும் கூட்டி அருகில் போகலாம். அச்சு அசல் வராது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தீயின் கணக்கு

வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் பொதுவாக 2 முதல் 4 கிலோவாட் வரை. ஃப்ரைடு ரைஸ் செய்யும் உணவகத்தின் வாணலி அடுப்பு 20 கிலோவாட்டுக்கும் மேல். வீட்டு அடுப்பின் வெப்பத்திலும் பாதிதான் வாணலிக்குள் இறங்கும். மீதி பக்கவாட்டில் போய்விடும்.

இதன் பொருளைக் கணக்காகவே பார்க்கலாம். கொதிநிலைக்கு வந்த ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2.26 கிலோஜூல் வேண்டும். 500 கிராம் காய்கறியை ஒரே தடவையில் கொட்டினால் 100 கிராம் நீர் விடும் என்று கொள்வோம். அதற்கு 226 கிலோஜூல். வாணலிக்குள் இறங்குவது 1.5 கிலோவாட் என்றால் 150 விநாடி. இரண்டரை நிமிடம் வாணலி 100 டிகிரியிலேயே நிற்கும். பொன்னிறமும் வறுத்த மணமும் தரும் மெய்லார்ட் வினை 140 டிகிரி அளவில்தான் வேகம் பிடிக்கும். ஆக அந்த இரண்டரை நிமிடமும் காய் வறுபடவில்லை, வேகிறது. பெரிய தீ வைத்தும் வதங்கிப்போய் நிற்பதன் காரணம் இதுதான்.

அடுப்பை மாற்ற முடியாது. வாணலிக்குள் போகும் அளவை மாற்றலாம். ஒரு ஈடுக்கு 150 முதல் 200 கிராம். அரிசியின் ஈரத்தையும் முன்பே குறைத்துவிடலாம். இரண்டு பேருக்கு ஃப்ரைடு ரைஸ் என்றால், உதிரியாக வடித்த சோறு 300 கிராம். வடித்தவுடன் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில், மூடாமல், இரவு முழுக்க வைக்கவும். சோற்றை வெளியிலேயே பல மணி நேரம் விடக்கூடாது: வெந்த பின்னும் பிழைத்திருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

முட்டை ஒன்று, நறுக்கிய காய்கறி 80 கிராம், எண்ணெய் 20 மில்லி சேர்த்தால் மொத்தம் 450 கிராம். 0.9 சதவீத உப்பு என்றால் 4 கிராம். சோயா சாஸ் 10 மில்லியில் ஏறக்குறைய 1.7 கிராம் உப்பு இருக்கும். எம்எஸ்ஜி 1 கிராமிலுள்ள சோடியம் 0.3 கிராம் உப்புக்குச் சமம். எனவே தனியாகப் போடும் உப்பு 2 கிராம் மட்டுமே. சோயா சாஸை நிறத்துக்காகக் கூட்டிக்கொண்டே போவதால்தான் வீட்டு ஃப்ரைடு ரைஸ் பழுப்பேறி, கரித்து, ஈரமாகிவிடுகிறது.

வாணலி லேசாகப் புகைய ஆரம்பித்ததும் எண்ணெய் பாதி. முட்டையை ஊற்றிக் கிளறி 20 விநாடியில் வெளியே எடுக்கவும். காயை ஒரு நிமிடம் வதக்கி அதையும் வெளியே எடுக்கவும். மீதி எண்ணெய், மறுபடி புகையும் வரை காத்திருந்து, சோற்றை இரண்டு ஈடாக. ஒவ்வொரு ஈட்டையும் பரப்பி 30 விநாடி தொடாமல் விட்டு, பிறகு புரட்ட வேண்டும். தொடர்ந்து கிண்டினால் சூடு ஏறவே ஏறாது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, உப்பையும் எம்எஸ்ஜியையும் தூவி, சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் வாணலியின் சூடான ஓரத்தில் சுற்றி விடவும். அங்கே அது சீறிக் கருகும் மணம்தான் கடையில் வரும் மணத்தில் ஒரு பங்கு. பெரிய தீயின் நாக்கு வாணலிக்குள் இறங்கி எண்ணெய்த் துளியைப் பொசுக்கும் மணம் வீட்டில் முழுதாக வராது. வெள்ளை மிளகுத்தூள் 0.5 கிராம் போடாமல் விட்டு, வேறென்னவோ குறைகிறது என்று தேடுபவர்களும் உண்டு.

பிட்சாவிலும் இதே கதைதான். விறகு அடுப்பு 450 டிகிரி அளவில் ஒன்றரை நிமிடத்தில் சுட்டுவிடுகிறது. வீட்டு ஓவன் 250இல் நின்றுவிடும், 7 நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரத்தில் மாவு காய்ந்துவிடாமலிருக்க நீரை மாவின் எடையில் 60 சதவீதத்திலிருந்து 68க்கு உயர்த்தி, நிறம் வர 1 சதவீதம் சர்க்கரையும் 2 சதவீதம் எண்ணெயும் சேர்க்க வேண்டும். கனமான இரும்புத் தட்டை உள்ளே வைத்து 45 நிமிடம் காயவிட்டு, அதன்மேல் சுடவும்.

மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது

கடை ஃப்ரைஸ் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மசித்ததுபோலும் இருப்பது, வெவ்வேறு வெப்பத்தில் மூன்று முறை சமைப்பதால். பச்சை உருளைக்கிழங்கை நேராகக் கொதி எண்ணெயில் போட்டால், உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். தணிந்த எண்ணெயில் போட்டால் எண்ணெய் கோர்த்துத் தொங்கும்.

ஒரு கிலோ மாவுச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கை 1 செ.மீ. குச்சிகளாக வெட்டி, தண்ணீர் தெளியும் வரை அலசவும். மேலே ஒட்டிய ஸ்டார்ச் போகாவிட்டால் குச்சிகள் ஒட்டிக்கொள்ளும், நிறமும் திட்டுத்திட்டாக வரும். 2 லிட்டர் நீரில் 20 கிராம் உப்பும் 30 மில்லி வினிகரும் சேர்த்து, லேசான கொதியில் 10 நிமிடம் வேகவிடவும். வினிகர் ருசிக்காக இல்லை. கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அமில நீரில் மெதுவாகத்தான் கரையும். எனவே நன்றாக வெந்தும் குச்சி உடையாது. வடித்து, துணியில் பரப்பி, ஆவி நிற்கும் வரை உலரவிடவும்.

முதல் பொரிப்பு 160 டிகிரியில் 4 நிமிடம், நிறம் மாறாமல். எடுத்து ஆறவைத்து, முடிந்தால் உறையவைக்கவும். பனித்துகள் செல் சுவர்களைக் கிழிப்பதால் கடைசிப் பொரிப்பில் ஈரம் சுலபமாக வெளியேறும். இரண்டாம் பொரிப்பு 190 டிகிரியில் 2 முதல் 3 நிமிடம். 2 லிட்டர் எண்ணெய்க்கு ஒரு ஈடு 250 கிராமுக்கு மேல் கூடாது; கொட்டியவுடன் வெப்பமானி 160க்குக் கீழே போனால் அளவு அதிகம். உறைந்த குச்சிகளில் பனி ஒட்டியிருந்தால் தட்டிவிடவும், எண்ணெய் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் கூடாது, பொருந்தும் மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. வடிந்ததும் மிக்ஸியில் பொடித்த நைஸ் உப்பை எடைக்கு 1 சதவீதம் தூவவும். கல்லுப்பு உதிர்ந்து தட்டில் கிடக்கும்.

சாஸில் வரும் கோழித் துண்டுகள் வழுக்கும் மென்மையோடு இருப்பதற்கும் எளிய காரணம்தான். 250 கிராம் மெல்லிய துண்டுகளுக்கு 2 கிராம் சமையல் சோடாவும் 30 மில்லி நீரும் பிசறி 15 நிமிடம் வைத்து, நன்றாக அலசி, ஒற்றி எடுத்து, 5 கிராம் சோள மாவு தடவ வேண்டும். சோடா இறைச்சியின் மேற்பரப்பைக் காரத்தன்மையாக்குவதால் புரதங்கள் சூட்டில் இறுகிச் சுருங்குவது குறைகிறது. சோப்பு வாடை வந்தால் சோடா அதிகம், அல்லது அலசியது போதவில்லை.

ஒப்பிடுவதிலும் முறை உண்டு

இரண்டு மணி நேரம் அடுப்பருகே நின்றவரின் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி மந்தமாகிவிடும். "மணமே வரவில்லை" என்று மசாலாவைக் கூட்டுவது இந்த நேரத்தில்தான். வெளியே 20 நிமிடம் நடந்துவிட்டு வந்து சுவைக்கவும், அல்லது சமைக்காத ஒருவரிடம் கொடுக்கவும்.

மாதிரியும் நகலும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் இனிப்பு குறைந்து தெரியும். சூடான நகலைக் குளிர்ந்த மாதிரியோடு ஒப்பிட்டால் சர்க்கரைக் கணக்கு தவறும். கடைப் பண்டம் மூடிய பெட்டிக்குள் அரை மணி நேரம் தன் ஆவியிலேயே ஊறி வந்திருக்கும். நகலையும் அப்படியே அரை மணி நேரம் மூடிவைத்துத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்து, ஒரு சுற்றில் ஒரே ஒரு மாற்றம். உப்பையும் புளிப்பையும் சேர்த்து மாற்றிவிட்டு நன்றாக வந்தால், எது வேலை செய்தது என்று தெரியாது. முழுப் பாத்திரத்தையும் பணயம் வைக்க வேண்டியதில்லை: சாஸை 50 கிராம் கிண்ணங்களாகப் பிரித்து, ஒன்றில் உப்பு 0.1 கிராம், ஒன்றில் சர்க்கரை 0.5 கிராம், ஒன்றில் வினிகர் 1 மில்லி என்று சேர்த்து, எது மாதிரிக்கு அருகில் போகிறது என்று பார்த்தால் ஒரே மாலையில் மூன்று கேள்விக்கு விடை கிடைக்கும்.

கடைசிச் சோதனைக்கு மூன்று கிண்ணம். இரண்டு கிண்ணத்தில் ஒரே பண்டம் (மாதிரி அல்லது நகல்), மூன்றாவதில் மற்றது. எது எதில் என்று சுவைப்பவருக்குத் தெரியக்கூடாது. வேறுபட்ட கிண்ணத்தைச் சுட்டச் சொல்லவும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும் என்பதால், ஆறு முறை செய்து இரண்டு முறைதான் சரி என்றால் அவரால் வித்தியாசம் காண முடியவில்லை என்று கொள்ளலாம். ஐந்து, ஆறு முறை சரியாகச் சொன்னால் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "இது கொஞ்சம் நீர்த்திருக்கிறது" என்பதுபோல அவர் சொல்லும் அந்த ஒரு வரியிலிருந்து அடுத்த சுற்றைத் தொடங்கலாம். குறிப்பேட்டில் கிராம் கணக்கோடு, பயன்படுத்திய சோயா சாஸ், வினிகர், தக்காளி பேஸ்ட் எந்த பிராண்டு என்பதையும் எழுதவும். பிராண்டு மாறினால் உப்பும் புளிப்பும் மாறும், கணக்கை மறுபடி லேபிளிலிருந்து போட வேண்டியிருக்கும்.